காடு வா வான்னு கூப்பிடுதா?

1/
"அந்த இடம் ஆளை இழுக்குது டாக்டர்."

கேஷுவால்டி டியூட்டியில நான் அடிக்கடி கேக்குற வாக்கியம் இது. ஏரின்னா ஏரி இழுக்குதாம். கிணறுன்னா கிணறு இழுக்குதாம். தண்டவாளம்னா, அந்த வளைவுல ஒரு பொம்பளை நின்னு கை காட்டுறாளாம். சொல்றவங்க படிக்காதவங்கன்னு நினைச்சுடாதீங்க. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டே சொல்றவங்களும் உண்டு.

இந்த த்ரெட் அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரா. நீளம்தான். பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு விஷயம். இதுல தற்கொலை பத்திப் பேசப் போறேன். இப்போ உங்க மனசு சரியில்லன்னா இதை மூடிட்டு 14416-க்கு போன் போடுங்க. இலவசம். 24 மணி நேரமும் எடுப்பாங்க. தமிழ்ல பேசுவாங்க. த்ரெட் எங்கேயும் ஓடிடாது, அப்புறமா வந்து படிக்கலாம்.

நான் மனநல நிபுணர் இல்ல. எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்குறேன். மனநல டாக்டரைப் பார்க்குறதுக்கு முன்னாடி, பல நேரம் பார்க்காமலே, இவங்க வந்து சேர்ற இடம் எங்க கேஷுவால்டிதான். அந்த அனுபவத்துல பேசுறேன்.

3/
சமீபத்துல டியூட்டி ரூம்ல ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன் லேப்டாப்ல ஒரு ஜப்பான் பேய் கேம் ஆடிட்டு இருந்தான். 'ஃபேட்டல் ஃப்ரேம்: மெய்டன் ஆஃப் பிளாக் வாட்டர்'. 2014-ல ஜப்பான்ல வந்து, 2021-ல மறுபடி கம்ப்யூட்டருக்கும் வந்த கேம்.

கதை நடக்குறது ஹிகாமின்னு ஒரு கற்பனை மலையில. ஒரு காலத்துல கோயிலும் நீர் வழிபாடுமா இருந்த புனிதமான மலை. இப்போ காடு மூடி, சாக நினைக்கிறவங்க தேடிப் போற இடமா ஆயிடுச்சு. மலை ஆளைக் கூப்பிடும். காணாம போனவங்களைத் தேடிப் போறவங்களும் அதுல மாட்டிக்குவாங்க. நம்ம கையில இருக்குறது ஒரு பழைய கேமரா மட்டும்தான். பேயைப் படம் பிடிச்சா அது அடங்கும்.

4/
நல்ல கேம். பயமா இருந்துச்சு. அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பேய் அடங்கினதும் கிட்ட போய்த் தொட்டா, அந்த ஆளோட கடைசி நிமிஷங்கள் நமக்குத் தெரியும். இதுக்கு அந்த கேம்ல 'மிதோரி'ன்னு பேர். ஜப்பான்ல, சாகக் கிடக்குற நோயாளி பக்கத்துல கடைசி வரைக்கும் இருந்து பார்த்துக்குறதுக்கும் இதே வார்த்தைதான்.

அதாவது, பேயை விரட்டினா மட்டும் போதாது, "உனக்கு என்ன ஆச்சு?"ன்னு கேக்கணும். ஒரு வீடியோ கேமுக்கு இருக்குற இந்த மரியாதை, நான் பார்த்த நம்ம ஊர் பேய் சேனல் ஒண்ணுக்குக்கூட இல்ல.

5/
ஆனா அந்த கேமும் நம்ம ஊரும் ஒரே இடத்துல தப்பு பண்றாங்க. "மலை கூப்பிடுது."

கதையில அது இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல. பிரச்சினை, ஜப்பான்ல இதே பேரை நிஜமாவே சுமந்துட்டு நிக்கிற ஒரு காடு இருக்கு. ஃபுஜி மலைக்கு வடமேற்கு அடிவாரத்துல, ஆவோகிகஹாரா. 864-ல எரிமலை வெடிச்சு ஓடின குழம்பு ஆறி, அந்தப் பாறை மேல வளர்ந்த காடு. சுமார் 30 சதுர கிலோமீட்டர். அடர்த்தி அதிகம், சத்தம் குறைவு. திசைகாட்டியே வேலை செய்யாதுன்னு ஒரு கதை சுத்துது. எரிமலைப் பாறை மேல வெச்சா முள் லேசா ஆடும், கையில பிடிச்சா ஒழுங்கா வடக்கைக் காட்டும். அவ்வளவுதான் அதோட மர்மம்.

6/
அந்தக் காட்டுல ஏன் அத்தனை சாவு? பேயா?

1960-ல வெளிவந்த செய்ச்சோ மட்சுமோட்டோவோட ஒரு பிரபல நாவல், கதாநாயகி அந்தக் காட்டுக்குள்ள போறதோட முடியும். அதுக்கு முன்னாடியும் அங்க சாவு நடந்திருக்கு. ஆனா நாவலுக்கு அப்புறம்தான் பேர் நாடு முழுக்கப் பரவுச்சு. பிறகு சினிமா, டிவி, கேம். 2017 டிசம்பர் 31-ல ஒரு அமெரிக்க யூட்யூபர் அந்தக் காட்டுல இறந்து கிடந்த ஒருத்தரைப் படம் பிடிச்சுப் போட்டு, உலகமே திட்டினதும் வீடியோவை எடுத்துட்டு மன்னிப்பு கேட்டார்.

அந்த ஊர் நிர்வாகம் என்ன பண்ணுச்சு தெரியுமா? எத்தனை பேர் இறந்தாங்கங்கிற எண்ணிக்கையை விளம்பரப்படுத்துறதை நிறுத்திடுச்சு. பேர் பரவப் பரவத்தான் ஆள் வர்றாங்கன்னு அவங்களுக்குப் புரிஞ்சது.

7/
நம்மகிட்ட ஒரு பழமொழி இருக்கு. வயசானவங்க சொல்வாங்க. "வீடு போ போங்குது, காடு வா வாங்குது."

அதுல ரெண்டு பாதி இருக்கு, கவனிங்க. பேய்க்கதை சொல்ற எல்லாரும் ரெண்டாவது பாதியை மட்டும் பிடிச்சுக்குறாங்க. காடு கூப்பிட்டுச்சு, கிணறு கூப்பிட்டுச்சு, தண்டவாளம் கூப்பிட்டுச்சு. முதல் பாதியை யாரும் சொல்றதே இல்ல. வீடு போ போன்னு சொன்னுச்சு.

கேஷுவால்டியில எனக்குக் கேக்குறது அந்த முதல் பாதி மட்டும்தான்.

8/
"இடம்தான் கூப்பிடுது"ன்னு இன்னும் நம்புறவங்களுக்கு ஒரு கணக்கு.

அமெரிக்காவுல சான் பிரான்சிஸ்கோவுல கோல்டன் கேட் பாலம். உலகத்துலயே இந்த விஷயத்துக்குப் பேர் போன இடம். 1937-லிருந்து 1971 வரைக்கும் அங்க சாக வந்து, யாரோ தடுத்துக் கூட்டிட்டுப் போன 515 பேர் பிற்பாடு என்ன ஆனாங்கன்னு தேடிப் பார்த்து 1978-ல ஒரு ஆய்வு வந்தது. சுமார் 94 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க, இல்ல இயற்கையா இறந்திருந்தாங்க.

பாலம் கூப்பிட்டிருந்தா திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கணுமே? கூப்பிடல. அந்த ஒரு ராத்திரியைத் தாண்டிட்டா பெரும்பாலானவங்க வாழ்ந்துடுறாங்க.

9/
"அப்போ ஒரே இடத்துல ஏன் டாக்டர் அடிக்கடி நடக்குது?"

நியாயமான கேள்வி. மூணு காரணம். ஒண்ணு, அந்த இடத்துக்குச் சுலபமா போக முடியுது, வேலி இல்ல, வெளிச்சம் இல்ல, ஆள் இல்ல. ரெண்டு, ஏற்கெனவே அங்க நடந்திருக்குன்னு ஊருக்கே தெரியும். மூணு, அந்தத் தகவலை நாமளே ஒவ்வொரு டீக்கடையிலயும் ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்லயும் சொல்லிச் சொல்லி, தத்தளிச்சுட்டு இருக்குற ஒரு மனசுக்கு விலாசம் எழுதிக் கொடுக்கிறோம்.

இதுல பேய் செய்ற வேலை ஒண்ணும் இல்ல. பஞ்சாயத்தும் மாநகராட்சியும் நாமளும் செய்யாத வேலைதான் இருக்கு.

10/
ஜப்பானைச் சொன்னேன், நம்ம வீட்டைச் சொல்லணும் இல்லையா?

கொடைக்கானல் போயிருப்பீங்க. 'கிரீன் வேலி வியூ'ன்னு ஒரு இடம். வைகை அணை பக்கம் பார்த்தாப்ல அழகான பள்ளத்தாக்கு. கேக்குற ஆளுங்க பாதிப் பேருக்கு இந்தப் பேரே தெரியாது. 'சூசைட் பாயிண்ட்'னு சொன்னா உடனே தெரியும். பேரை மாத்தியும் டூர் வேன் டிரைவர்ல இருந்து ரீல்ஸ் போடுற பசங்க வரைக்கும் பழைய பேரையேதான் சொல்றாங்க. குடும்பத்தோட நின்னு செல்ஃபி எடுத்து அந்தப் பேரையே கீழ எழுதுறாங்க.

ஒரு மனுஷனோட கடைசி நாள் உங்களுக்கு லொகேஷன் டேகா?

11/
அதே கொடைக்கானல்ல 'டெவில்ஸ் கிச்சன்'. 1991-ல குணா படம் வந்ததுக்கு அப்புறம் குணா குகை. பேர்லயே பிசாசு. உள்ள விழுந்தவங்க திரும்ப மாட்டாங்கன்னு ஊரே சொல்லிட்டு இருந்த இடம்.

2006-ல கொச்சியில இருந்து வந்த நண்பர்கள்ல ஒருத்தர் தவறி விழுந்தார். குகை விடாதுன்னு சொன்னவங்களை நம்பி மத்தவங்க ஊருக்குக் கிளம்பல. ஒரு நண்பர் கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்கினார். மேல தூக்கிட்டாங்க. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துல 2024-ல எல்லாரும் கண்ணீரோட பார்த்தது அந்த நிஜக் கதையைத்தான்.

அது விபத்து, நான் பேசுறது வேற. ஆனா பாடம் ஒண்ணுதான். குகை யாரையும் பிடிச்சு வெச்சுக்கல. கயிறு பிடிக்க ஆள் இருந்தா ஆள் மேல வருவாங்க.

12/
இப்போ பேய் சேனல் நடத்துறவங்களுக்கு நேரடியாவே சொல்றேன்.

ராத்திரி 12 மணிக்கு பச்சைக் கலர் கேமராவோட ஒரு கிணத்துக்குப் போறீங்க. "இங்கதான் ஒரு இளம்பெண்..."னு ஆரம்பிக்கிறீங்க. ஊர் பேர் சொல்றீங்க, எப்படி இறந்தான்னு விலாவாரியா சொல்றீங்க, எதுக்குன்னு ஒரு காதல் கதை சேர்க்குறீங்க. 'ஆவி பேசியது'ன்னு தம்ப்நெயில். அந்தப் பொண்ணோட அம்மா அதே ஊர்ல இருக்காங்க. அவங்க போன்லயும் யூட்யூப் இருக்கு.

கேம்ல வர்றது கற்பனைப் பேய். நீங்க காசாக்குறது ஒரு நிஜப் பொண்ணோட போஸ்ட்மார்ட்டத்தை.

13/
"பொழுதுபோக்குதானே டாக்டர், இதனால என்ன ஆயிடும்?"

வியன்னா நகர மெட்ரோவுல 1980-கள்ல இந்த சாவுகள் கூடிக்கிட்டே போச்சு. பத்திரிகைகள் பக்கம் பக்கமா எழுதினாங்க. 1987-ல எப்படி எழுதணும்னு ஒரு வழிகாட்டி கொடுத்தாங்க, பத்திரிகைகளும் கேட்டுக்கிட்டாங்க. எண்ணிக்கை சடசடன்னு இறங்குச்சு. ரயில் மாறல, தண்டவாளம் மாறல. எழுதுற விதம் மாறுச்சு.

நம்ம பிரஸ் கவுன்சிலும் 2019 செப்டம்பர்ல இதே மாதிரி விதிகளைக் கொண்டு வந்துச்சு. எப்படின்னு விவரிக்காதே, இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லாதே, பரபரப்பா தலைப்பு போடாதே. பத்திரிகைகளே பாதி நாள் மறந்துடுறாங்க. யூட்யூப் சேனலுக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது.

14/
இப்போ நம்ம சொந்தப் பேய்க்காட்டுக்குப் போவோம். ரொம்ப தூரம் இல்ல.

அரக்கோணம் லோக்கல்ல ஏறுங்க. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், கடம்பத்தூர் எல்லாம் தாண்டினா திருவாலங்காடு. பேர்லயே ஆலமரக்காடு. சிவன் பேய்க்கூட்டத்தோட ஆடின இடம்னு புராணம். தமிழ்ல காடுன்னா வனமும்தான், சுடுகாடும்தான். அந்த ஊர்ல ரெண்டும் ஒண்ணு.

அழகான உடம்பே வேண்டாம்னு பேய் உருவம் கேட்டு வாங்கின காரைக்கால் அம்மையார் வந்து சேர்ந்த ஊரும் அதுதான். அந்தப் பேயைத்தான் சிவன் 'அம்மை'ன்னு கூப்பிட்டதா பெரியபுராணம் சொல்லுது. பேய்னா விரட்டணும்னு நம்ம மரபு முழுக்கச் சொல்லல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

15/
அதுக்குப் பக்கத்துலயே பழையனூர். நீலி கதை தெரியும்தானே? பல வடிவம் இருக்கு. சுருக்கமா இதுதான்: ஒருத்தன் கட்டின பொண்டாட்டியை இந்தக் காட்டுல கொன்னுட்டுப் போறான். மறுபிறவியில அவன் ஒரு வணிகனா வர்றான். அவ பேயா வந்து, ஒரு கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, "இவர்தான் என் புருஷன்"னு ஊர்ச் சபையில அழுறா. வணிகனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு 70 வேளாளர்கள் உயிரைப் பிணை வெச்சு வாக்கு கொடுக்குறாங்க. ராத்திரியில அவ அவனைக் கொன்னுடுறா. வாக்கைக் காப்பாத்த 70 பேரும் உயிரை விடுறாங்க.

அந்த 70 பேருக்கு அங்க நினைவிடம் இருக்கு. வாக்கு தவறாதவங்கன்னு நாம கொண்டாடுறோம்.

நீலிக்கு என்ன கிடைச்சது? ஒரு வார்த்தை. 'நீலிக்கண்ணீர்'.

16/
யோசிச்சுப் பாருங்க. கதையில முதல்ல கொலை செய்யப்பட்டது அவ. ஆனா தமிழ்ல பொய் அழுகைக்கு அவ பேரைத்தான் வெச்சிருக்கோம். கொன்னவன் பேர்ல ஒரு வசவுகூட இல்ல.

இது பழங்கதை இல்லீங்க. போன வாரம் வரைக்கும் நான் கேட்டது. உயிர் தப்பிப் படுத்திருக்குற பொண்ணு பக்கத்துல நின்னு, "சும்மா பயமுறுத்துறா சார்", "புருஷனை வழிக்குக் கொண்டுவர நாடகம்", "எல்லாம் நீலிக்கண்ணீர்". சில நேரம் இதைச் சொல்றது வீட்டு ஆளுங்க இல்ல, எங்க வெள்ளைக் கோட்டு ஆளுங்களேதான்.

மருத்துவம் சொல்றது இதுக்கு நேர் எதிர். ஒருத்தர் தற்கொலையில இறக்கக்கூடும்னு சொல்ற அடையாளங்கள்ல மிக வலுவானது, அவங்க ஏற்கெனவே ஒரு தடவை முயற்சி பண்ணியிருக்கிறது. நீங்க நாடகம்னு சொல்றது, எங்க புத்தகத்துல அபாய மணி.

17/
நீலியைப் பேய்னு சொன்ன உடனே, அவளை யார் கொன்னாங்கங்கிற கேள்வி செத்துப் போச்சு. இடத்தைப் பேய் இடம்னு சொன்ன உடனே, அங்க இறந்தவங்க ஏன் இறந்தாங்கங்கிற கேள்வியும் அதே மாதிரி செத்துப் போகுது. பேய்க்கதையோட முழு உபயோகமே அதுதான். விசாரணையை மூடுற ஃபைல் அது.

கடன் ஆப்காரன் தப்பிச்சுடுறான். அடிச்ச புருஷன் தப்பிச்சுடுறான். மார்க் குறைஞ்சதுக்கு ஊர் முன்னாடி அவமானப்படுத்தின வாத்தியார் தப்பிச்சுடுறார். எல்லாப் பழியும் ஒரு புளியமரத்து மேல.

18/
உயிரோட இருக்குறவங்க மேலயும் இதே பேய்தான். குழந்தை பொறந்து ஒரு வாரம், பத்து நாள்ல ஒரு பொண்ணு தூங்காம, சம்பந்தமில்லாம பேசி, குழந்தையைப் பார்த்துப் பயப்படுறா. "தீட்டோட புளியமரத்தடியில போயிட்டா, பிடிச்சுக்கிச்சு"ன்னு வேப்பிலை அடிப்பாங்க. நாள் ஓடும்.

அதுக்குப் பேர் பிரசவத்துக்குப் பின் வர்ற மனப்பிறழ்வு. அவசர கேஸ். தாய், பிள்ளை ரெண்டு பேர் உயிருக்கும் ஆபத்து. ஆனா சிகிச்சைக்கு நல்லாவே கட்டுப்படும். சாமி கும்பிடுங்க, நான் தடுக்கல. கும்பிட்டுட்டு அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில கட்டி வெச்சிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில ஓட முடியாம இறந்தாங்க. 'பிடிச்சிருக்கு'ங்கிற ஒரு வார்த்தை எங்க கொண்டு போய் விடும்னு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

19/
சென்னைக்குள்ளயே நாம பேய் வீடாக்கி வெச்சிருக்குற ஒரு இடம் இருக்கு. கீழ்ப்பாக்கம்.

1794-ல தொடங்கின வரலாறு உள்ள மனநல மருத்துவமனை. இந்த ஊருக்கு எத்தனையோ லட்சம் பேரைத் திருப்பிக் கொடுத்த இடம். ஆனா நாலு தலைமுறையா சினிமா காமெடியில அது கெட்ட வார்த்தை. "கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா உன்னை."

நான் ரெஃபரல் சீட்டு எழுதும்போது நோயாளியோட அப்பா முகம் செத்துப் போகும். "கீழ்ப்பாக்கமா? வேண்டாம் சார், நாளைக்குப் பொண்ணு கேட்டு யார் வருவா?" சீட்டைச் சட்டைப் பையில மடிச்சு வெச்சுட்டுப் போயிடுவாங்க. உண்மையில பேய் இருக்குன்னு நினைச்சு நாம பயப்படுறது மருந்து இருக்குற இடத்தைப் பார்த்துதான்.

20/
இப்போ நம்ம கணக்கு. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 அறிக்கை: இந்தியாவுல ஒரே வருஷத்துல 1,70,924 தற்கொலை. தமிழ்நாட்டுல 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்து நாமதான். தினமும் சராசரியா 54 பேர். மக்கள்தொகை விகிதத்துல பார்த்தா லட்சத்துக்கு 25.9. நாட்டு சராசரி 12.4. ரெண்டு மடங்குக்கு மேல.

நாடு முழுக்க காரணங்கள்ல முதல் ரெண்டு: குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். இறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல தினக்கூலிக்காரங்க. அம்பத்தூர் எஸ்டேட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற கான்ட்ராக்ட் தொழிலாளிகளை தினம் பார்க்குற எனக்கு இது ஆச்சரியமே இல்ல.

காரணப் பட்டியல்ல பேய்னு ஒரு வரி இல்ல. தேடிப் பார்த்துக்கோங்க.

21/
மாத்த முடியுமா? முடியும். அதே ஜப்பான்.

1998-லிருந்து 14 வருஷம் தொடர்ந்து அங்க வருஷத்துக்கு 30,000 பேருக்கு மேல தற்கொலை. 2003-ல 34,427. 2006-ல தற்கொலைத் தடுப்புக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க. இது தனி மனுஷன் பிரச்சினை இல்ல, சமூகத்தோட பொறுப்புன்னு எழுதி வெச்சாங்க. அதே வருஷம் வட்டிக்கடைகளைக் கட்டுப்படுத்துற சட்டத்தையும் இறுக்கினாங்க. ஊருக்கு ஊர் ஆலோசனை மையம் வந்தது. 2019-ல 20,169.

பத்துல நாலு பங்கு குறைஞ்சது. காட்டுக்கு யாரும் மந்திரிக்கல.

22/
இலங்கையைப் பாருங்க, நம்ம பக்கத்து வீடு. 1995-ல லட்சத்துக்கு 47 பேர், உலகத்துலயே மோசமான விகிதங்கள்ல ஒண்ணு. நச்சு அதிகமான பூச்சிமருந்துகளை 1995-லயும் 1998-லயும் தடை பண்ணாங்க. 2005-ல 24. பாதி. போரும் வறுமையும் அப்படியே இருந்தப்பவே பாதி.

கைக்கு எட்டுற தூரத்துல ஆபத்து இல்லாம போனா, அந்த ஒரு ராத்திரி கடந்து போயிடுது. பாலத்துல பார்த்த அதே பாடம்.

23/
நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விஷயம். முயற்சி பண்ணி உயிர் தப்பினவங்களை இப்போ ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 115-வது பிரிவு, அவங்க கடுமையான மன அழுத்தத்துல இருந்தாங்கன்னே எடுத்துக்கச் சொல்லுது. சிகிச்சை கொடுக்க வேண்டியது அரசோட கடமைன்னும் சொல்லுது. 2024 ஜூலையில வந்த புதிய குற்றவியல் சட்டத்துல பழைய 309-வது பிரிவே இல்ல. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்துறதுக்காக செய்றதுக்கு மட்டும் தனிப் பிரிவு இருக்கு.

நாங்க ஏ.ஆர். என்ட்ரி போடுவோம், போலீசுக்குத் தகவல் போகும். அது நடைமுறை. அதுக்குப் பயந்து "தவறி விழுந்துட்டா", "தெரியாம குடிச்சுட்டா"ன்னு மறைக்காதீங்க. உண்மை தெரிஞ்சாத்தான் சரியான சிகிச்சை கொடுக்க முடியும், சரியான ஆள்கிட்ட அனுப்ப முடியும்.

24/
ஆளை இழந்த குடும்பங்கள் இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிடுறேன். "வீடு போ போன்னு சொன்னுச்சு"ன்னு எழுதினது உங்களைக் குத்தவாளி ஆக்க இல்ல. உங்கள்ல பல பேர் கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சு இழுத்தவங்கதான்னு எனக்குத் தெரியும். மனச்சோர்வு ஒரு நோய். எவ்வளவு பாசமா இருந்தாலும் சில நேரம் நோய் ஜெயிச்சுடும், கேன்சர் மாதிரி.

நான் சொல்ற வீடு பெரிய வீடு. நோட்டீஸ் கொடுக்காம வேலையை விட்டு அனுப்புற கம்பெனி அந்த வீடு. காலையில 6 மணிக்கே வாசல்ல நிக்கிற வட்டிக்காரன் அந்த வீடு. மூணு நிமிஷத்துல மாத்திரை எழுதி அனுப்புற எங்க ஓ.பி. வரிசையும் அந்த வீடுதான்.

25/
"கேமையெல்லாம் தடை பண்ணணுமா டாக்டர்?" வேண்டாம். ஆடுங்க. பேய்ப்படம் பாருங்க, நீலி கதையைப் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. சொல்லும்போது அவளை யார் கொன்னாங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க. கற்பனைப் பேய் யாரையும் கொல்லாது. நிஜ இடத்துக்கு, நிஜ மனுஷங்களோட சாவுக்குப் பேய் முத்திரை குத்துறதை மட்டும் நிறுத்துங்க.

26/
அரசுக்கு என் கோரிக்கை நாலே நாலு.

ஒண்ணு: அடிக்கடி நடக்குதுன்னு போலீசுக்கும் ரயில்வேக்கும் தெரிஞ்ச இடங்கள்ல வேலி, விளக்கு, 14416 எழுதின பலகை.
ரெண்டு: பிரஸ் கவுன்சில் விதிகள் யூட்யூப் சேனலுக்கும் பொருந்தணும்.
மூணு: தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணுலயும் தினமும் ஒரு மனநல ஆலோசகர். வாரத்துல ஒரு நாள் வர்ற கேம்ப் போதாது.
நாலு: உயிர் தப்பி டிஸ்சார்ஜ் ஆகுற ஒவ்வொருத்தருக்கும் தொடர்ந்து போன்.

27/
நாலாவது சின்ன விஷயமா தெரியுதா? இதைக் கேளுங்க.

உலக சுகாதார நிறுவனம் அஞ்சு ஊர்ல ஒரு ஆய்வு பண்ணுச்சு, அதுல ஒண்ணு நம்ம சென்னை. 2008-ல முடிவு வந்தது. முயற்சி பண்ணி அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோட ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு, அப்புறம் 18 மாசத்துல ஒன்பது தடவை "எப்படி இருக்கீங்க?"ன்னு போன், இல்ல வீட்டுக்குப் போய் விசாரிப்பு. அவ்வளவுதான்.

வழக்கமான சிகிச்சை மட்டும் வாங்கினவங்கள்ல 2.2 சதவீதம் பேர் தற்கொலையில இறந்தாங்க. விசாரிக்கப்பட்டவங்கள்ல 0.2 சதவீதம்.

28/
ஒன்பது விசாரிப்பு. ஸ்கேன் இல்ல, விலை உயர்ந்த மருந்து இல்ல.

காடு யாரையும் கூப்பிடல மக்களே. யாருமே அவங்களைக் கூப்பிடல, அதுதான் நடந்தது. கூப்பிட வேண்டியவங்க நாம.

29/
நீங்க செய்யக்கூடியது. "இனிமே நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு ஒருத்தர் சொன்னா சிரிச்சுக் கடந்து போகாதீங்க. நேராவே கேளுங்க: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்படாதீங்க, வராது. கேக்குறதே பாரத்தைக் குறைக்கும். அட்வைஸ் வேண்டாம், காது கொடுங்க. ஆமாம்னு சொன்னா தனியா விடாதீங்க. ஆபத்தான பொருள்களை வீட்டுல இருந்து அப்புறப்படுத்துங்க. பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நடுராத்திரியா இருந்தாலும் கேஷுவால்டி திறந்திருக்கும்.

ஒரு மாசம் கழிச்சு திரும்ப போன் போடுங்க. அதுக்கு அடுத்த மாசமும்.

30/
எண்கள்:
14416 – நட்புடன் உங்களோடு மனநல சேவை, டெலி மானஸ். 24 மணி நேரம்.
104 – தமிழ்நாடு அரசு சுகாதார உதவி எண்.
044-24640050 – சினேகா, சென்னை. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல தொடங்கினது.

போன்ல சேமிச்சு வெச்சுக்கோங்க. உங்களுக்குத் தேவைப்படாட்டியும் பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படும். அடுத்த தடவை யாராவது "அந்த இடம் ஆளை இழுக்குதுப்பா"ன்னு ஆரம்பிச்சா, இந்த த்ரெட்டை அனுப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அங்க இறந்தவங்க பேர் உனக்குத் தெரியுமா?"